நீராவி என்ஜின் பார்க்க வெளிநாடு கிளம்புகிறவருக்கு

நீராவி என்ஜின் பார்ப்பதற்கென்றே முதல் முறை வெளிநாடு போனபோது, ஐந்து நாளில் நான்கு ரயில்பாதைகள் என்று திட்டம் போட்டிருந்தேன். முதல் இடத்தில் நான் போன கிழமையில் வண்டியே கிடையாது. இரண்டாவதில் டீசல் என்ஜின் வந்து நின்றது. மூன்றாவதில் நான் படியேறி பிளாட்பாரத்துக்கு வருவதற்குள் கார்டு கொடி காட்டிவிட்டார். நான்காவது ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது அலுத்துப் போயிருந்தது, அங்கேயே இரண்டு நாள் தங்கிவிட்டேன். இரண்டாம் நாள் தூக்கம் கலைந்து விடிகாலை ஐந்து மணிக்கு, என்ஜின்களை நிறுத்தித் தயார் செய்யும் லோகோ ஷெட் பக்கம் நடந்தேன். கதவு திறந்திருந்தது. உள்ளே இருட்டில் ஒரு என்ஜினின் தீயறை மட்டும் ஆரஞ்சு நிறத்தில் எரிந்துகொண்டிருக்க, அதற்குக் கரி போடும் ஃபயர்மேன் மண்வெட்டியோடு அதன் முன்னால் நின்றார். எங்கோ தண்ணீர் சொட்டியது. பாய்லருக்குள் கொதி வருகிற முனகல் மெல்லக் கேட்டது.

எட்டரை மணி வண்டிக்கு ஐந்து மணிக்கே வேலை நடக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. பயணிகள் பார்ப்பது அந்த என்ஜினுடைய நாளின் நடுப்பகுதியை மட்டும். அதற்குப் பிறகு நான் போன எல்லாப் பயணங்களையும் அந்த விடிகாலையை வைத்தே திட்டமிட்டேன். கீழே எழுதியிருப்பதும் அதை மனதில் வைத்துத்தான்.

1. எந்த மாதிரி என்ஜின் பார்க்க ஆசை?

'ஓடுகிற நீராவி என்ஜின்' என்று சொன்னால் அது இன்று நான்கு விதம். எது உங்களை இழுக்கிறது என்று தெரிந்துகொண்டால் நாடு தானாக முடிவாகிவிடும்.

முதலாவது, பிழைப்புக்காக ஓடுவது: சுரங்கத்தில் கரி இழுக்கும் என்ஜின், ஆலைக்குக் கரும்பு இழுக்கும் என்ஜின். இது கிட்டத்தட்ட முடிந்துபோன கதை. சீனா 1988 வரை முதன்மைப் பாதைகளுக்கான பெரிய என்ஜின்களைச் செய்துகொண்டிருந்தது. பெரும்பாலும் தாத்தோங் நகரத் தொழிற்சாலையிலிருந்து வந்த க்யூஜே வகை மட்டும் 4,700-க்கு மேல். உள் மங்கோலியாவின் ஜிதோங் பாதையில் இரண்டு க்யூஜே என்ஜின்கள் சேர்ந்து ஜிங்பெங் கணவாயில் சரக்கு வண்டியை ஏற்றிப் போனதைப் பார்க்க உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் போனார்கள். 2005 டிசம்பரோடு அது நின்றது. போஸ்னியாவில் துஸ்லா நகரைச் சுற்றியுள்ள கரிச் சுரங்கங்களில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஜெர்மன் என்ஜின்கள் 2000-க்குப் பிறகும் பல ஆண்டுகள் உழைத்தன. இந்த வகையைத் தேடிப் போகிறவர் கிளம்பும் வாரம் வரை விசாரித்துக்கொண்டே இருக்க வேண்டும். முதல் பயணத்துக்கு இது வேண்டாம்.

இரண்டாவது, கால அட்டவணைப்படி அன்றாடம் பயணிகளை ஏற்றிச் செல்லும் நீராவி வண்டி. ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைப்பாதை, சாக்ஸனி பகுதியின் நாரோ கேஜ் (குறுகிய அகலத் தண்டவாள) பாதைகள், பால்டிக் கடலோரத்தில் பாட் டோபரான் ஊரின் கடைத்தெரு நடுவிலேயே ஓடும் மோல்லி வண்டி எல்லாம் இதில் சேரும். போலந்தின் வோல்ஷ்டின் ஷெட்டும் இப்படிப்பட்டது. அங்கே பெரிய பாதையில் ஓடிய அன்றாட நீராவி வண்டி 2014-ல் நின்று, 2017-ல் மறுபடி தொடங்கியது.

மூன்றாவது, தன்னார்வலர்கள் காப்பாற்றி வைத்திருக்கும் பாதைகள். இதற்கு பிரிட்டன்தான் தாய்வீடு. 1951-ல் வேல்ஸின் தல்லித்லின் பாதையை ஆர்வலர்கள் எடுத்து நடத்தத் தொடங்கினார்கள். உலகத்திலேயே தன்னார்வலர்கள் கையில் வந்த முதல் ரயில்பாதை அது. பிரிட்டிஷ் ரயில்வே தன் பெரிய பாதைகளில் நீராவியை 1968 ஆகஸ்டில் கைவிட்டபோது, அடுத்து எங்கே போவது என்று தெரியாமல் கிடந்த என்ஜின்களுக்கு இப்படிப்பட்ட பாதைகள்தான் வீடு கொடுத்தன.

நான்காவது, முதன்மைப் பாதையில் எப்போதாவது ஓடும் சிறப்பு வண்டி. அமெரிக்காவில் யூனியன் பசிபிக் நிறுவனம் 2019-ல் மறுபடி உயிர் கொடுத்த 'பிக் பாய்' 4014 இதற்குப் பெயர்போன உதாரணம். பார்க்கப் பெரிய காட்சிதான். ஆனால் சில நிமிடங்களில் கடந்து போய்விடும், கூட்டமும் அதிகம். ஒரு நீராவி என்ஜினோடு பழக வேண்டும் என்றால் இதில் தொடங்காதீர்கள்.

2. முதல் பயணம் எங்கே?

என்னைக் கேட்டால் இரண்டாவது வகைதான். வண்டி தினமும் ஓடும், ஒரு நாள் மழையில் போனாலும் மறுநாள் இருக்கிறது. அதிலும் ஹார்ட்ஸ் மலைதான் என் முதல் பரிந்துரை. சுமார் 140 கிலோமீட்டருக்கு விரிந்த மீட்டர் கேஜ் பாதை அது. வெர்னிகெரோடே ஊரில் ஏறினால் டிரை அன்னன் ஹோனே, ஷீர்க்கே வழியாக ப்ரோக்கன் மலை உச்சிக்குப் போகலாம். ஊர் சுமார் 230 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, உச்சி நிலையம் 1,125 மீட்டரில். கிட்டத்தட்ட 900 மீட்டர் ஏற்றத்தையும் என்ஜின் சக்கரத்தின் பிடிமானத்திலேயே ஏறுகிறது. நடுவில் பல் தண்டவாளம் கிடையாது. இழுப்பவை பெரும்பாலும் 1954 முதல் 1956 வரை பாபல்ஸ்பெர்க்கில் செய்த 17 என்ஜின்கள் கொண்ட கூட்டத்தைச் சேர்ந்தவை. ஒவ்வொன்றிலும் ஐந்து ஜோடி இயக்கச் சக்கரங்கள்.

இந்த மலைக்கு இன்னொரு கதையும் உண்டு. கிழக்கு ஜெர்மனிக் காலத்தில் உச்சி எல்லைப்பகுதி ராணுவத்தின் கையில் இருந்தது. 1961-லிருந்து பொதுமக்கள் யாரும் மேலே போக முடியவில்லை. பெர்லின் சுவர் விழுந்த பிறகு 1991-ல் பாதையை மறுபடி திறந்தார்கள். மேலே போகும் வண்டியில் வயதானவர்கள் ஜன்னலோரம் அசையாமல் உட்கார்ந்து வெளியே பார்ப்பதைக் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு அது வேறு விதமான பயணம்.

மலையை விட ஆட்களோடு பேசிப் பழகுவது பிடிக்கும் என்றால் வேல்ஸ் அல்லது இங்கிலாந்து போங்கள். கைர்னார்வனிலிருந்து போர்த்மடோக் வரை 40 கிலோமீட்டர் ஓடும் வெல்ஷ் ஹைலேண்ட் பாதையில், தென்னாப்பிரிக்காவில் உழைத்துவிட்டு வந்த காராட் வகை என்ஜின்கள் இழுக்கின்றன. நடுவில் ஒரு பாய்லர், முன்னும் பின்னும் தனித்தனிச் சக்கரத் தொகுதி. வளைவில் அது உடம்பை நெளித்துத் திரும்புவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பெட்கெலர்ட் ஊரைத் தாண்டி 40-க்கு 1 ஏற்றத்தில் (40 மீட்டர் போனால் 1 மீட்டர் உயரும்) அது மூச்சு வாங்குவது பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும்.

ஜப்பானில் ஓய்கவா ரயில்வே 1976 முதலும், யாமகுச்சி பாதை 1979 முதலும் நீராவி வண்டி விடுகின்றன. யாமகுச்சியின் சி57 1 என்ஜின் 1937-ல் செய்தது, அங்கே அதைச் 'சீமாட்டி' என்கிறார்கள். அமெரிக்காவின் கொலராடோ பக்கத்தில் கம்பர்ஸ் அண்ட் டோல்டெக் பாதை 3,053 மீட்டர் உயரக் கணவாயைக் கடக்கிறது. சீனாவின் சிச்சுவானில் ஜியாயாங் என்ற, கரிச் சுரங்கத்துக்கான சின்ன ரயில்பாதை இருக்கிறது. கார் சாலை வராத காலத்தில் அந்த வழியிலுள்ள கிராமங்களுக்கு அந்த வண்டிதான் எல்லாமே. மார்ச் மாதம் கடுகுப் பூ மஞ்சளுக்கு நடுவே அது புகைவிட்டுப் போவதை ஒருமுறை பார்த்தேன். பூவின் வாசனையும் கரிப்புகையும் கலந்து வந்த அந்தக் காற்று இன்னும் மூக்கில் நிற்கிறது. ஆனால் இவை எல்லாம் இரண்டாவது, மூன்றாவது பயணத்துக்கு.

ஒரு ஊருக்கு மூன்று நாள் கொடுங்கள். முதல் நாள் சுற்றிப் பார்க்க, இரண்டாம் நாள் வண்டியில் போக, மூன்றாம் நாள் பாதையோரம் நிற்க. ஐந்து நாளில் நான்கு பாதைகள் என்ற என் பழைய கணக்கைப் போடாதீர்கள்.

3. அட்டவணையில் பார்க்க வேண்டியது

எத்தனை மணிக்கு வண்டி என்று பார்ப்பதற்கு முன், எந்தத் தேதியில் வண்டி என்று பாருங்கள். தன்னார்வலர் பாதைகள் பலவற்றில் ஆண்டு நாட்காட்டியை நிறம் நிறமாகப் பிரித்திருப்பார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தனி அட்டவணை. நிறமே இல்லாத நாள் என்றால் அன்றைக்கு வண்டி இல்லை. நான் முதல் பயணத்தில் ஏமாந்தது இங்கேதான். போன வருடத்து நாட்காட்டியை வைத்துக்கொண்டு போயிருந்தேன்.

அடுத்து, அந்த வண்டியை இழுப்பது எது? ஒரே பாதையில் காலையில் நீராவியும் மத்தியானம் டீசலும் ஓடலாம். ஹார்ட்ஸ் அட்டவணையில் நீராவி வண்டிக்குப் பக்கத்தில் சின்ன என்ஜின் படம் போட்டிருப்பார்கள். ப்ரோக்கன் போகிறவை நீராவியில் ஓடும், மலையைக் குறுக்கே கடக்கும் பாதையில் டீசல் ரயில்கார்களும் உண்டு. படம் இல்லாத இடங்களில் உள்ளூர்ச் சொல்லைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் 'டாம்ப்ஃப்லோக்', போலந்தில் 'பாரோவுஸ்', ஜப்பானில் 'எஸ்எல்'. இந்த ஒரு சொல்லைச் சொல்லி விரலால் மணி கேட்டாலே டிக்கெட் கவுன்டரில் பதில் கிடைத்துவிடும்.

மூன்றாவது, கோடை வறட்சி. என்ஜினிலிருந்து பறக்கும் தணல் காட்டில் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2018 ஜூனில் கொலராடோவின் டுராங்கோ பகுதியில் காட்டுத்தீ பரவியபோது, அங்குள்ள டுராங்கோ-சில்வர்ட்டன் பாதை பல வாரம் ஓடவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பாதையில் கரிக்குப் பதில் எண்ணெயில் எரியும்படி என்ஜின்களை மாற்றத் தொடங்கினார்கள். மழையில்லாத கோடையில் பல பாதைகள் முன்னறிவிப்போடு டீசல் போடும். அதைக் கோபமாக எடுத்துக்கொள்ளாமல் ஒரு நாள் கூடுதலாக வைத்துப் போங்கள்.

டிக்கெட் விஷயம் நாட்டுக்கு நாடு மாறும். ஜப்பானில் ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) நிறுவனங்களின் நீராவி வண்டிகளுக்கு இருக்கை முன்பதிவு கட்டாயம். பயணத் தேதிக்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, அந்த ஊர் நேரப்படி காலை 10 மணிக்கு விற்பனை தொடங்கும். விடுமுறை நாள் இருக்கைகள் வேகமாகத் தீர்ந்துவிடும். ஜெர்மனி நாரோ கேஜ் பாதைகளில் பெரும்பாலும் நேரில் வாங்கி ஏறிவிடலாம். விசா, பயணக் காப்பீடு எல்லாம் மற்ற பயணங்களைப் போலத்தான்.

4. எந்த மாதம்?

நீராவி கண்ணுக்குத் தெரியாது. நாம் வெள்ளையாகப் பார்ப்பது, அது குளிர்ந்து துளியாக மாறிய பிறகு. அதனால் காற்று எவ்வளவு குளிராக இருக்கிறதோ அவ்வளவு பெரிய வெள்ளை மேகம். வெயில் கொளுத்தும் நண்பகலில் அதே என்ஜின் அதே பாரத்தை இழுத்தாலும் புகைபோக்கியின் மேல் மெல்லிய நடுக்கம் மட்டும் தெரியும். நான் முதலில் ஜூலையில் போய்விட்டு, பிறகு பிப்ரவரியில் அதே இடத்துக்குப் போனேன். வேறு என்ஜினைப் பார்ப்பது போல இருந்தது.

ஆனால் எல்லாப் பாதையும் குளிர்காலத்தில் ஓடாது. சுவிட்சர்லாந்தின் ஃபுர்கா நீராவிப் பாதை கோடை மாதங்களில் மட்டும்தான். பனிச்சரிவில் அடித்துக்கொண்டு போகாமல் இருக்க அங்கே ஒரு பாலத்தையே இலையுதிர் காலத்தில் மடித்து வைத்துவிடுகிறார்கள். (அந்தப் பாதையின் என்ஜின்களில் சில, வியட்நாமின் தாலாத் மலைக்கு விற்கப்பட்டு, 1990-ல் கப்பலேறி ஊர் திரும்பியவை. அவற்றின் முன் நிற்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.) கம்பர்ஸ் அண்ட் டோல்டெக்கும் கோடை தொடங்கி அக்டோபர் வரைதான், செப்டம்பர் கடைசியில் ஆஸ்பன் மரங்கள் மஞ்சளாகிற நேரம் அழகு. ப்ரோக்கன் பனியிலும் ஓடும். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள்: அந்த உச்சியில் வருடத்தில் 300 நாள் மூடுபனி இருக்கும்.

பிரிட்டனில் 'காலா' (விழா) என்று அறிவிக்கும் நாட்களில் வெளி என்ஜின்கள் விருந்தாளியாக வரும், சில இடங்களில் இரவிலும் வண்டி ஓடும். வோல்ஷ்டினில் மே மாதத் தொடக்கத்தில் என்ஜின் அணிவகுப்பு நடக்கும். கூட்டம் பிடிக்கும் என்றால் போகலாம். எனக்குச் சாதாரண செவ்வாய்க்கிழமைதான் பிடிக்கும்.

5. பையில் வைக்க வேண்டியவை

பருத்தி அல்லது கம்பளித் துணி. நைலான் ஜாக்கெட்டில் ஒரு தணல் விழுந்தால் ஓட்டைதான், என்னிடம் அப்படி இரண்டு இருக்கின்றன. வெள்ளைச் சட்டை வேண்டாம். பவர் இல்லாத சாதாரணக் கண்ணாடி ஒன்று கட்டாயம் வேண்டும். ஜன்னலோரம் நிற்கும்போது கண்ணில் கரித்துகள் விழுவது அடிக்கடி நடக்கும். விழுந்தால் தேய்க்காமல் தண்ணீரால் அலசுங்கள். காதில் வைக்கும் பஞ்சு குழந்தைகளுக்கு அவசியம். பாய்லரின் பாதுகாப்பு வால்வு திறக்கும் சத்தம் பக்கத்தில் நிற்கிறவரைத் தூக்கிப்போடும். சின்ன டார்ச், நோட்டு, பென்சில், கைதுடைக்கப் பழைய துணி. குளிரில் போவதானால் கேமரா பேட்டரியை உள்சட்டைப் பையில் வையுங்கள். வெளியிலிருந்து சூடான பெட்டிக்குள் ஏறும் முன் கேமராவை மூடிய பையில் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் லென்ஸ் முழுக்க வியர்த்துவிடும்.

6. விடிகாலை, ஷெட் வாசலில்

தங்கும் இடத்தை ஷெட்டுக்கு நடந்து போகிற தூரத்தில் பாருங்கள். நிலையத்துக்குப் பக்கம் என்பது போதாது, பல ஊர்களில் ஷெட் வேறொரு கோடியில் இருக்கும். முந்தின நாள் சாயங்காலமே போய், எங்கே நின்று பார்க்கலாம், முதல் என்ஜின் எத்தனை மணிக்கு வெளியே வரும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வேலிக்கு வெளியே இருந்தாலே நிறையத் தெரியும். வெர்னிகெரோடேயில் நிலையத்தை ஒட்டியே ஷெட் இருப்பதால் ரொம்ப வசதி. இங்கிலாந்தின் செவர்ன் வேலி பாதையில் பிரிட்ஜ்நார்த் நிலையமும் அப்படித்தான்.

முதல் வண்டிக்கு மூன்று மணி நேரம் முன்பு போங்கள். என்ன பார்க்கப் போகிறீர்கள் என்று தெரிந்தால் அந்த மூன்று மணி நேரமும் போதாது.

ஒரு பெரிய என்ஜினைக் குளிர்ந்த நிலையிலிருந்து தயாராக்க ஆறேழு மணி நேரமாவது ஆகும். அவசரப்பட்டுச் சூடேற்றினால் பாய்லரின் ஒரு பகுதி சீக்கிரமும் இன்னொரு பகுதி தாமதமாகவும் விரிந்து மூட்டுகள் கசியத் தொடங்கும். அதனால் அன்றாடம் ஓடும் என்ஜினில் தீயை முழுசாக அணைப்பதில்லை. இரவு ஒரு ஓரமாக ஒதுக்கிக் கனலாக வைத்திருப்பார்கள். காலையில் அந்தக் கனலை விரித்து, புதிதாகக் கரி போட்டுத் தழைக்க வைப்பதுதான் முதல் காட்சி. அப்போது வரும் புகை கருப்பாக இருக்கும். கரி சரியாகப் பற்றிக்கொண்டதும் வெளுக்கத் தொடங்கும். நாள் முழுக்கக் கருப்புப் புகை விடும் என்ஜினைப் படம் எடுக்க எல்லோருக்கும் ஆசைதான். ஆனால் நல்ல ஃபயர்மேனுக்கு அது பெருமை இல்லை, அது எரியாமல் போன கரி.

அப்புறம் சாம்பல் தட்டுவார்கள். முன்பக்க வட்டக் கதவைத் திறந்து புகையறையில் சேர்ந்த கரித்தூளை அள்ளிப் போடுவார்கள். டிரைவர் நீளமூக்கு எண்ணெய்க் குப்பியோடு என்ஜினைச் சுற்றி வருவார். அவரை மட்டும் கொஞ்ச நேரம் பின்தொடருங்கள். ஒவ்வொரு மூட்டாக, ஒவ்வொரு தண்டாக, புறங்கையால் தொட்டுப் பார்த்து எண்ணெய் விடுவார். நாற்பது வருடம் இதைச் செய்தவர் ஒருவரை ஒரு ஷெட்டில் பார்த்தேன். எண்ணெய் விட்ட பிறகு ஒவ்வொரு இடத்திலும் துணியால் ஒரு துடைப்பு, அதன் மேல் உள்ளங்கையால் ஒரு தட்டு. மாட்டுத் தொழுவத்தில் பெரியவர்கள் மாட்டின் முதுகில் தட்டுவது போலவே இருந்தது.

தண்ணீர், கரி ஏற்றி முடிந்ததும் அழுத்தம் ஏறுவதைக் காத்திருந்து கேளுங்கள். ஹார்ட்ஸ் என்ஜின்களில் வேலை அழுத்தம் 14 பார் ('பார்' என்பது அழுத்தத்தின் அலகு). அந்த அழுத்தத்தில் தண்ணீர் ஏறத்தாழ 200 டிகிரியில்தான் கொதிக்கும். அந்த நிலை நெருங்க நெருங்க முனகல் ஒரு சீறலாக மாறும். பாய்லருக்குள் தண்ணீர் செலுத்தும் இன்ஜெக்டர் ஒரு ராகம் போலப் பாடும். என்ஜின் முதல் முறை அசையும்போது சிலிண்டருக்குக் கீழேயிருந்து இரு பக்கமும் வெள்ளை நீராவி பீறிட்டு வரும். இரவில் சிலிண்டருக்குள் குளிர்ந்து தேங்கிய தண்ணீரை வெளியேற்ற வால்வுகளைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது, வெளியேற்றாமல் ஓட்டினால் சிலிண்டர் மூடியே பெயர்ந்துவிடும். அந்த ஒரு நிமிடம் என்ஜின் தன் மேகத்துக்குள்ளேயே மறைந்து, பிறகு மெல்ல வெளியே வரும். நான் எடுத்த படங்களில் எனக்கு ரொம்பப் பிடித்தவை எல்லாம் அந்த நிமிடத்தில் எடுத்தவை.

7. வண்டியில் எங்கே உட்காருவது

என்ஜினை அடுத்த பெட்டி சத்தத்துக்கு, கடைசிப் பெட்டி வளைவில் என்ஜினைப் பார்க்க. இரண்டும் வேண்டும் என்றால் போகும்போது முன்னால், வரும்போது பின்னால். ஹார்ட்ஸ் பெட்டிகளின் இரு கோடியிலும் திறந்த மேடை இருக்கிறது, அங்கே நின்று வருவதுதான் என் வழக்கம். எங்கே நின்றாலும் தலையை வெளியே நீட்டாதீர்கள். சுரங்கப்பாதைச் சுவரும் சிக்னல் கம்பமும் நினைப்பதை விடப் பக்கத்தில் வரும்.

மலைப்பாதையில் ஏற்றம்தான் முக்கியம். இறக்கத்தில் என்ஜின் வேலை செய்வதில்லை, பிரேக் மட்டும்தான். அதனால் ப்ரோக்கனுக்கு ஏறும் பக்கம் மட்டும் வண்டியில் போய்விட்டு, இறங்கும்போது ஷீர்க்கே வரை நடந்து பாருங்கள். காட்டுக்குள் நடக்கும்போது அடுத்த வண்டி ஏறி வரும் சத்தம் பல நிமிடம் முன்பே கேட்கத் தொடங்கிவிடும்.

சத்தத்தை எண்ணப் பழகுங்கள். இரண்டு சிலிண்டர் என்ஜினில் சக்கரம் ஒருமுறை சுற்றினால் நான்கு 'குப்'. மூன்று சிலிண்டர் என்றால் வழக்கமாக ஆறு. ஏற்றம் கூடும்போது அந்த இடைவெளி நீள்வதையும், ஒவ்வொரு குப்பும் கனப்பதையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், பாதையின் வடிவமே காதுக்குத் தெரிந்துவிடும். பாதிப் பயணத்துக்காவது கேமராவை உள்ளே வையுங்கள்.

8. பாதையோரத்தில்

மூன்றாம் நாள் வேலை இது. வரைபடத்தில் ஏற்றமான இடமாகப் பார்த்து, பொதுவழியில் இருந்தே தெரியும் வளைவு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வண்டி ஏறி வரும் திசைக்கு எதிரே நில்லுங்கள். மலைப்பாதைகளில் என்ஜினின் புகைபோக்கி பெரும்பாலும் மேட்டுப் பக்கம் பார்த்திருக்கும். ஏற்றத்தில் தீயறையின் கூரை எப்போதும் தண்ணீரில் மூழ்கியிருக்க வேண்டும் என்பதற்காக அப்படி. ஏறும்போது முகம் தெரியும், இறங்கும்போது முதுகுதான்.

காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வண்டியை நோக்கி வீச வேண்டும். எதிர்ப்பக்கமிருந்து வீசினால் நீராவி மொத்தமும் உங்களுக்கும் வண்டிக்கும் நடுவில் திரை போட்டுவிடும். வெயில் சாய்வாக விழும் காலை, மாலை நல்லது. கருப்பு என்ஜினைக் கேமரா தவறாக எடைபோடும். சூரியன் பக்கவாட்டில் இருந்தால் இணைப்புத் தண்டுகளில் வெளிச்சம் பட்டுத் தெறிக்கும், கருப்புக்குள் இருக்கும் விவரங்களும் தெரியும்.

தண்டவாளத்தில் கால் வைக்காதீர்கள், வேலி தாண்டாதீர்கள், வயலில் இறங்குவதானால் உரிமையாளரைக் கேளுங்கள். 2016-ல் புதுப்பித்துத் திரும்பிய 'ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன்' என்ஜினைப் பார்க்க ஆட்கள் பாதைக்குள் இறங்கியதால், இங்கிலாந்தில் வண்டிகளையே நிறுத்த வேண்டி வந்தது. ஒருவர் செய்யும் தவறுக்கு அடுத்த முறை வருகிற எல்லோருக்கும் கதவு சாத்தப்படுகிறது. டிரோன் பறக்கவிட வேண்டுமென்றால் அந்த நாட்டுச் சட்டத்தையும் ரயில்வேயின் அனுமதியையும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

9. என்ஜின் ஆட்களிடம் பேசுவது

வண்டி கிளம்பப் போகும் ஐந்து நிமிடத்தில் கேள்வி கேட்காதீர்கள். தண்ணீர் பிடிக்க நிற்கும் இடம்தான் பேச்சுக்கு ஏற்றது. பாஷை தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அழுத்தமானியைக் காட்டி விரலால் எண் கேட்டால் சிரித்துக்கொண்டே காட்டுவார்கள். நீங்கள் எடுத்த படத்தை ஊருக்குத் திரும்பியதும் அந்த ஷெட்டின் விலாசத்துக்கு அச்சிட்டு அனுப்புங்கள். மறுமுறை போனபோது நான் அனுப்பிய படம் ஒன்று ஷெட் சுவரில் எண்ணெய்க் கைரேகையோடு ஒட்டியிருந்தது.

தன்னார்வலர் பாதைகளில் பணம் கட்டி, மேற்பார்வையில் என்ஜின் ஓட்டிப் பழகும் நாட்களும் உண்டு. முதல் பயணத்திலேயே எடுக்க வேண்டாம். இரண்டு நாள் பார்த்துவிட்டு மண்வெட்டியைப் பிடித்தால்தான், ஃபயர்மேன் கரியை ஏன் மூலைகளைப் பார்த்துப் போடுகிறார் என்பது கைக்குப் புரியும்.

10. கடைசி வண்டிக்குப் பிறகு

எல்லோரும் இறங்கிப் போனதும் மறுபடி ஷெட்டுக்குப் போங்கள். என்ஜின் எண், எந்தத் திசையில் நின்றது, எத்தனை பெட்டி, காற்று எப்படி என்று அங்கேயே நின்று நோட்டில் எழுதிவிடுங்கள், ராத்திரிக்குள் பாதி மறந்துவிடும். அந்த நேரத்தில் சாம்பல் குழியின் மேல் என்ஜினை நிறுத்தித் தீயைச் சுத்தம் செய்வார்கள். நீளமான கம்பியால் கிளறும்போது சிவந்த கட்டிகள் குழியில் விழுந்து, தண்ணீர் பட்டதும் சீறி அணையும். மிச்சமிருக்கும் கனலை ஒதுக்கி, பாய்லரில் தண்ணீர் நிறைத்து, புகைபோக்கியின் மேல் ஒரு தட்டை வைத்து மூடுவதும் உண்டு. ஃபயர்மேன் கை கழுவிக்கொண்டு சைக்கிளை எடுப்பார். மறுநாள் முதல் என்ஜின் எத்தனை மணிக்கு என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.